எபிரேயரின் கதை – 9: பெயருக்குள் இருந்த தெய்வம்

எபிரேயப் பெயர் பெரும்பாலும் ஒரு சின்ன வாக்கியம். அதன் எழுவாய் தெய்வம். பயனிலை அந்தத் தெய்வம் செய்த உதவி. யோனத்தான் என்றால் ‘யாவே கொடுத்தார்’ என்று பொருள். நெத்தனியா என்பதும் அதேதான், சொற்கள் முன்பின்னாக மாறி நிற்கின்றன. எல்நாத்தானும் நத்தானியேலும் ‘எல் கொடுத்தார்’. மத்தனியாவும் மத்தேயுவும் ‘யாவேயின் கொடை’. இத்தனைக்கும் அடியில் இருப்பது ‘நத்தன்’, அதாவது ‘கொடுத்தான்’ என்ற ஒரே வினைச்சொல். இப்படியே, கேட்டார் என்ற வினையிலிருந்து இஸ்மவேலும் செமாயாவும், நினைவுகூர்ந்தார் என்பதிலிருந்து சகரியாவும், உதவினார் என்பதிலிருந்து அசரியாவும் எலெயாசாரும், இரங்கினார் என்பதிலிருந்து அனனியாவும் யோகனானும் வந்தார்கள். குழந்தைக்காக வேண்டிக் காத்திருந்த வீட்டின் நன்றி இந்த வினைகளில் இருக்கிறது.

வரலாற்றாசிரியர் இந்த வாக்கியங்களின் எழுவாயை உற்றுப் பார்க்கிறார். எந்தத் தெய்வம் அங்கே நிற்கிறது? வேதநூல்கள் பல தலைமுறைகளாகத் தொகுக்கப்பட்டவை, திருத்தப்பட்டவை. பானை ஓட்டிலும் களிமண் முத்திரையிலும் பதிந்த பெயரை யாரும் பிறகு திருத்தவில்லை. கி.மு. 8ஆம் நூற்றாண்டில் ஒரு தகப்பன் தன் மகனுக்கு வைத்த பெயர், அந்த வீட்டில் யாரை நோக்கிக் கை கூப்பினார்கள் என்பதை அப்படியே சொல்லிவிடுகிறது. இஸ்ரவேலின் சமய வரலாற்றுக்கு இதைவிட நேரான சான்று அதிகம் கிடையாது.

பெயர்களில் வரும் தெய்வச் சொற்களில் முதன்மையானவை இரண்டு. ஒன்று ‘எல்’. இது தெய்வம் என்ற பொதுச்சொல். கானான் நாட்டுத் தெய்வங்களின் தலைவனுக்குச் சொந்தப் பெயரும் இதுவே. மற்றது நான்கு மெய்யெழுத்துகளால் ஆன யாவே என்ற பெயர். ஆட்பெயரின் முன்னே வரும்போது அது யெகோ அல்லது யோ எனக் குறுகும். பின்னே வரும்போது யாஹூ அல்லது யா ஆகும். தமிழ் வேதாகமத்தில் ஏசாயா, எரேமியா, செப்பனியா, ஒபதியா, நெகேமியா ஆகிய பெயர்களின் கடைசி எழுத்தில் இருப்பது இந்தத் தெய்வப்பெயரே. இஸ்ரவேல், சாமுவேல், தானியேல், எசேக்கியேல் ஆகியவற்றின் ஈற்றில் எல் இருக்கிறது. யோவேல் என்ற பெயரில் இரண்டும் சேர்ந்து ‘யாவே தெய்வம்’ என்றாகின்றன. அவை இடம் மாறினால் ‘என் தெய்வம் யாவே’ என்ற எலியா. ஆனால் தமிழ் எழுத்துருவை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது. ஓசியாவின் ‘யா’வும் மேசியாவின் ‘யா’வும் ஒலிபெயர்ப்பில் வந்து ஒட்டியவை. எபிரேய மூலத்தில் அங்கே தெய்வப்பெயர் இல்லை.

எல்லாப் பெயரும் தெய்வத்தைச் சுமந்ததும் இல்லை. ராகேல் என்றால் பெண்ணாடு, தெபோராள் தேனீ, சிப்போராள் பறவை, யாகேல் வரையாடு, யோனா புறா. தாமார் பேரீச்சமரம். எஸ்தரின் எபிரேயப் பெயரான அத்சாள், மணம் வீசும் மிர்ட்டில் செடியைக் குறிக்கும். குழந்தையின் தோற்றமோ பிறந்த வேளையோ பெற்றோரின் ஆசையோ இத்தகைய பெயர்களுக்குக் காரணமாகியிருக்கும்.

தாய் வைத்த பெயர்

வேதநூலில் பெயர் சூட்டும் காட்சிகளில் தாயே முன்னால் நிற்கிறாள். ஆதியாகமம் 29, 30ஆம் அதிகாரங்களில் யாக்கோபின் மனைவியர் லேயாளும் ராகேலும் போட்டி போட்டுக்கொண்டு பிள்ளைகளுக்குப் பெயரிடுகிறார்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு காரணம் சொல்லப்படுகிறது. கணவனால் விரும்பப்படாத லேயாள் முதல் மகனுக்கு ரூபன் என்று பெயரிட்டு, தன் சிறுமையை யாவே பார்த்தார் என்கிறாள். அந்தப் பெயரை நேராகப் பிரித்தால் ‘பாருங்கள், ஒரு மகன்’ என்றுதான் வரும். சிமியோனில் ‘கேட்டார்’, லேவியில் ‘சேர்ந்திருப்பார்’, யூதாவில் ‘துதி’ ஆகிய ஒலிகள் எழுகின்றன. நெடுநாள் பிள்ளையில்லாத ராகேல் தன் மகனுக்கு யோசேப்பு என்று பெயரிடும்போது, இன்னொரு மகனையும் யாவே கூட்டித் தரவேண்டும் என்று வேண்டுகிறாள். ‘அவர் கூட்டுவாராக’ என்பதே அப்பெயரின் பொருள். அந்த இன்னொரு மகன் பிறக்கும்போது அவள் உயிர் பிரிகிறது. இறக்கும் முன் அவள் இட்ட பெயர் பெனொனி, ‘என் துயரத்தின் மகன்’. தகப்பன் அதை மாற்றிப் பென்யமீன், ‘வலக்கையின் மகன்’ என்றான். பெயர் வாழ்நாள் முழுதும் கூட வரும் என்பதால் யாக்கோபு அந்தத் துயரத்தைக் குழந்தையின் மேல் சுமத்தவில்லை.

இந்த விளக்கங்கள் சொல்லாராய்ச்சி முடிவுகள் அல்ல. ஒலி ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டு கதையைப் பெயரோடு பிணைக்கும் பழங்காலக் கலை இது. பென்யமீனில் இருக்கும் ‘யமீன்’ என்ற சொல்லுக்கு வலக்கை என்றும் தெற்கு என்றும் பொருள் உண்டு. கிழக்கு நோக்கி நிற்பவனுக்குத் தெற்கு வலப்பக்கம். யூப்ரடீஸ் கரையிலிருந்த மாரி நகரின் கி.மு. 18ஆம் நூற்றாண்டு ஆவணங்களில் ‘தெற்கின் மக்கள்’ என்று பொருள்படும் இதே வடிவப் பெயரோடு ஒரு குலம் வருகிறது. யாக்கோபு என்ற பெயரைக் குதிகாலோடு இணைக்கிறது ஆதியாகமம். ஆனால் இதே வினையில் அமைந்த ‘யாக்கூப்-ஹர்’ என்ற ஆட்சியாளர் ஒருவரின் பெயர் எகிப்தின் ஹிக்சோஸ் காலத்து முத்திரைகளில் இருக்கிறது; ஆகவே ‘தெய்வம் காப்பாராக’ என்ற பெயரின் சுருக்கமே யாக்கோபு என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அன்னாள் தன் மகனுக்குச் சாமுவேல் எனப் பெயரிட்டு, யாவேயிடம் கேட்டுப் பெற்றேன் என்று காரணம் சொல்கிறாள். கேட்டல் என்ற அந்த வினை சாமுவேலைவிடச் சவுல் என்ற பெயருக்கே பொருந்தும். சவுல் என்றாலே ‘கேட்டுப் பெறப்பட்டவன்’. இஸ்ரவேலின் முதல் அரசனுக்குரிய கதை ஒன்று தீர்க்கதரிசியின் பிறப்போடு கலந்துவிட்டதோ என்ற கேள்வி இதனால்தான் எழுந்தது.

எல்லின் காலமும் எகிப்தின் சுவடும்

இஸ்ரவேல் என்ற இனத்தின் பெயரிலேயே யாவே இல்லை, எல்தான் இருக்கிறார். எகிப்திய மன்னன் மெர்னெப்தாவின் வெற்றிக் கல்வெட்டில், ஏறத்தாழ கி.மு. 1208இல், இந்தப் பெயர் முதன்முதலாக வேதநூலுக்கு வெளியே எழுதப்பட்டது. 1896இல் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி அக்கல்லைத் தீப்ஸ் நகரில் கண்டெடுத்தார். எல் என்ற தெய்வத்தைத் தலைவனாகக் கொண்ட கானானியத் தெய்வக் குடும்பத்தின் கதைகள் 1929 முதல் சிரியக் கடற்கரையின் உகரித் நகர இடிபாடுகளிலிருந்து வெளிவந்தன.

வேதநூலும் இந்த நிலையை மறைக்கவில்லை. ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு ஆகியோருக்கு எல் ஷடாய் என்ற பெயரால் தோன்றியதாகவும் யாவே என்ற பெயரால் தன்னை அறிவிக்கவில்லை என்றும் தெய்வமே மோசேயிடம் சொல்வதாக யாத்திராகமம் 6ஆம் அதிகாரம் கூறுகிறது. முன்னோர் கதைகளின் பெயர்கள் இதற்கு இசைவாகவே இருக்கின்றன. யாவேயின் பெயரைச் சுமந்தவர்கள் அங்கே இல்லை. இஸ்மவேலும் இஸ்ரவேலும் இருக்கிறார்கள். எண்ணாகமத்தின் முதல் அதிகாரத்தில் வரும் குலத் தலைவர் பட்டியலில் சூரிஷதாய், அம்மிஷதாய் என்று ஷடாய் என்ற பழைய தெய்வப்பெயர் ஒட்டி நிற்கிறது. யாவேயின் பெயர் தெளிவாக வரும் முதல் ஆள், மோசேயின் தாய் யோகெபேத். அடுத்து, ‘மீட்பு’ என்று மட்டுமே பொருள்பட்ட ஓசேயா என்ற பெயரை மோசே ‘யாவே மீட்பர்’ எனப் பொருள்படும் யோசுவாவாக மாற்றுகிறார். கதை சொன்னவர்கள் தங்கள் காலத்தில் தெருவெங்கும் கேட்ட ‘யாஹூ’ முடிவுகளை முன்னோர் மேல் ஏற்றாமல் விட்டிருக்கிறார்கள். பழைய மரபொன்று உள்ளபடியே கைமாறி வந்ததன் அடையாளமாக இதைக் கொள்ளலாம்.

மோசே என்ற பெயர் எகிப்தியம். துத்மோசே, ஆமோசே போன்ற மன்னர் பெயர்களின் பிற்பகுதியாக வரும் ‘பிறந்தவன்’ என்ற சொல்லே அது. முன்னால் இருக்கவேண்டிய தெய்வத்தின் பெயர் மட்டும் இல்லை. தண்ணீரிலிருந்து எடுத்ததால் இப்பெயர் என்ற விளக்கம் ஓர் எபிரேய வினையின் ஒலியைக் கொண்டு கட்டப்பட்டது. ஆரோனின் பேரன் பினெகாசின் பெயரும் எகிப்தியமே. ‘நூபியன்’ என்று பொருள். எகிப்தில் அடிமையாக இருந்ததைச் சொல்லும் ஒரு மரபு, அதன் ஆசாரியக் குடும்பத்தின் பெயர்களிலேயே எகிப்தின் சுவட்டை வைத்திருக்கிறது. இந்தச் சான்றின் எடையைக் குறைத்து மதிக்க முடியாது.

பாகாலை அழித்த எழுதுகோல்

சவுலின் மகன் ஒருவன். சாமுவேல் நூல் அவனை இஸ்போசேத் என்கிறது. ‘வெட்கத்தின் மனிதன்’ என்று பொருள். எந்த அரசன் தன் மகனுக்கு இப்படிப் பெயர் வைப்பான்? முதலாம் நாளாகமம் 8ஆம் அதிகாரம் உண்மைப் பெயரைத் தருகிறது: எஸ்பால், ‘பாகாலின் மனிதன்’. யோனத்தானின் மகன் ஒரு நூலில் மேவிபோசேத், மற்றதில் மேரிபால். கிதியோனின் மறுபெயரான யெருபாகாலும் இரண்டாம் சாமுவேலில் இதேபோல வெட்கச் சொல் சேர்ந்து உருமாறியிருக்கிறது. தாவீதின் மகன்களில் ஒருவன் நாளாகமத்தில் பெலியாதா, அதாவது ‘பாகால் அறிந்தார்’. சாமுவேலில் எலியாதா, ‘எல் அறிந்தார்’. பின்வந்த நகலெழுத்தர்கள் பாகாலின் பெயரை உச்சரிக்க அருவருத்து, அந்த இடத்தில் வெட்கம் என்று பொருள்படும் ‘போசேத்’தை எழுதினார்கள். காலத்தால் பிந்திய நாளாகமத்தில் பழைய வடிவங்கள் பிழைத்துக்கொண்டது நல்வாய்ப்பு.

சவுலும் தாவீதும் புறத்தெய்வத்தை வணங்கினார்கள் என்று இதிலிருந்து முடிவுசெய்வது அவசரம். பாகால் என்ற சொல்லுக்கு ஆண்டவன், உடையவன், கணவன் என்றெல்லாம் பொருள். தாவீதோடு சேர்ந்த வீரர்களில் ஒருவன் பெயர் பிகலியா, ‘யாவேயே ஆண்டவர்’. பாகாலும் யாவும் ஒரே பெயரில் அமைந்திருப்பதால், அந்தக் காலத்தில் அது யாவேக்கே உரிய பட்டமாகவும் வழங்கியது தெரிகிறது. கி.மு. 9ஆம் நூற்றாண்டில் பெனிக்கிய இளவரசி யேசபேலோடு பாகால் வழிபாடு அரண்மனைக்குள் நுழைந்து, இரத்தம் சிந்தும் மோதலாக வெடித்த பிறகுதான் அந்தப் பட்டம் தீண்டத்தகாததானது. ஒரு நூற்றாண்டு கழித்து ஓசியா தீர்க்கதரிசி, இனி யாவேயை அந்தச் சொல்லால் அழைக்கவே கூடாது என்றார்.

மண்ணுக்கடியில் கிடைத்தவை இதை உறுதிசெய்கின்றன. ஏலா பள்ளத்தாக்கை நோக்கியிருக்கும் கிர்பெத் கெயாஃபா என்ற அரண்நகரில் 2012இல் கிடைத்த பானை ஓடுகளை ஒட்டவைத்தபோது, சுடும் முன்பே களிமண்ணில் கீறப்பட்ட ஓர் எழுத்துவரி தெரிந்தது. எஸ்பால், பெதாவின் மகன். காலம் ஏறத்தாழ கி.மு. 1000. சவுலின் மகன் இவன் அல்ல, தகப்பன் பெயர் வேறு. அந்தத் தலைமுறையில் இப்பெயர் இயல்பாக வழங்கியதற்கு இது சான்று. அதற்குப் பிந்திய யூதாவின் எழுத்துச் சான்றுகளில் பாகால் பெயர்கள் மறைந்துவிடுகின்றன. வடநாடான இஸ்ரவேலில் நிலைமை வேறு. சமாரியா அரண்மனை வளாகத்தில் 1910இல் ஹார்வர்ட் குழு கண்டெடுத்த பானையோட்டுக் குறிப்புகள், கி.மு. 8ஆம் நூற்றாண்டில் எண்ணெயும் திராட்சைரசமும் வந்துசேர்ந்ததைப் பதிவுசெய்தவை. அவற்றில் யாவே பெயர்கள் மிகுதி; ஆனால் அபிபாகால், மேரிபாகால் போன்ற பெயர்களும் கணிசமாக உண்டு. யாவேயின் பெயரையும் வடநாட்டார் தென்னவரைப்போல யாஹூ என்று முடிக்காமல் ‘யாவ்’ என்று எழுதினார்கள். ஒருவன் பெயர் ‘எகெல்யாவ்’. ‘எகெல்’ என்றால் கன்றுக்குட்டி. பெத்தேலிலும் தாணிலும் பொற்கன்றுகள் நிறுத்தப்பட்டிருந்த நாட்டில் அப்படி ஒரு பெயர் இருந்ததில் வியப்பில்லை.

நாடு இழப்புக்கு முந்திய எபிரேயப் பெயர்களை எழுத்துச் சான்றுகளிலிருந்து மட்டும் திரட்டி ஜெஃப்ரி டிகே 1986இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் கணக்கில் யாவேயின் பெயரைத் தாங்கியவர்கள் 557 பேர். வேற்றுத் தெய்வங்களின் பெயரைத் தாங்கியவர்கள் 35 பேர் மட்டுமே. தீர்க்கதரிசிகளின் கண்டனங்களைப் படிப்பவருக்கு, நாடே பிற தெய்வங்களின் பின்னால் போய்விட்டது என்றுதான் தோன்றும். பெயர்கள் அப்படிச் சொல்லவில்லை. ஒருவர் ஊர்மேட்டில் வேறொரு தெய்வத்துக்குத் தூபம் காட்டியிருக்கலாம். பிள்ளை பிறந்ததும் நன்றி சொன்னது யாவேக்கே. வழிபாட்டுப் பழக்கம் முழுவதையும் பெயர் காட்டாது என்ற எச்சரிக்கையோடு இந்த எண்ணிக்கையைப் படிக்கவேண்டும். யேசபேலின் கணவனான அரசன் ஆகாப் இதற்கு நல்ல உதாரணம். பாகாலுக்குக் கோயில் கட்டியவன் என்று இராஜாக்கள் நூல் அவனைக் குற்றம் சாட்டுகிறது. அவன் பிள்ளைகளின் பெயர்களோ அகசியா, யோராம், அத்தாலியாள். மூன்றிலும் யாவேயின் பெயர் உண்டு.

அரசரும் முத்திரையும்

சவுல், தாவீது, சாலொமோன் ஆகிய முதல் மூவரின் ஆட்சிப் பெயர்களில் யாவே இல்லை. சாலொமோனுக்கு ‘யாவுக்கு அன்பானவன்’ எனப் பொருள்படும் யெதிதியா என்ற பெயரும் இடப்பட்டது, ஆனால் வழக்கில் நிலைக்கவில்லை. யோசபாத் தொடங்கி எருசலேமின் வீழ்ச்சிவரை யூதாவை ஆண்டவர்களில் மனாசே, ஆமோன் இருவரைத் தவிர எல்லாருடைய பெயரிலும் யாவே இருக்கிறார். வேதநூல் மிகக் கடுமையாகப் பழிக்கும் அரசன் மனாசே என்பது தற்செயல். அவனுக்கு அப்பெயரை வைத்தவர், வேதநூல் மிகவும் புகழும் அவன் தந்தை எசேக்கியா.

ஆகாஸ் என்ற பெயர் ஒரு சிக்கலைத் தருகிறது. அசீரிய மன்னன் மூன்றாம் திக்லாத்-பிலேசர் தனக்குக் கப்பம் கட்டியவர்களின் பட்டியலில் அவனை யெகோவாகாஸ் என்று முழுப்பெயரால் குறிக்கிறான். ஆகாஸ் பொல்லாதவன் என்பதால் வேதநூலை எழுதியவர்கள் தெய்வப்பெயரை வெட்டிவிட்டார்கள் என்று பலகாலம் விளக்கம் சொல்லப்பட்டது. எருசலேமில் ஓபேல் பகுதியில் கிடைத்து 2015இல் அறிவிக்கப்பட்ட களிமண் முத்திரை ஒன்று இந்த விளக்கத்தைத் தளர்த்துகிறது. ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்குள் அடங்கும் அந்த முத்திரை, யூதாவின் அரசனான எசேக்கியாவினுடையது. அதில் அவன் தகப்பன் பெயர் ஆகாஸ் என்றே இருக்கிறது. சொந்த மகனே குறுக்கி எழுதிய பெயரைப் பின்னால் வந்தவர்கள் வெட்டியதாகச் சொல்வது கடினம். அரண்மனை வழக்கிலேயே அது சுருங்கியிருக்கவேண்டும்.

கடைசி அரசர்களின் பெயர்களை அயலார் மாற்றினார்கள். கி.மு. 609இல் பார்வோன் நேகோ, எலியாக்கீமை அரியணையில் ஏற்றி யோயாக்கீம் என்று பெயர் மாற்றினான். ‘எல் நிலைநிறுத்துவார்’ போய் ‘யாவே நிலைநிறுத்துவார்’ வந்தது. பொருளில் மாற்றம் இல்லை; பெயரிடும் உரிமை யாருடையது என்பது மட்டும் வெளிப்பட்டது. கி.மு. 597இல் நேபுகாத்நேச்சார் மத்தனியாவைச் சிதேக்கியா ஆக்கினான். அவ்வாண்டு சிறைப்பட்டுப் போன இளம் அரசன் யோயாக்கீனுக்கு எகொனியா, கோனியா என்ற வடிவங்களும் உண்டு. எல்லாம் ‘யாவே நிறுவுவார்’ என்பதன் திருப்பிப்போட்ட, சுருங்கிய உருவங்கள். பாபிலோன் அரண்மனையின் உணவுப்படிக் கணக்கில், எண்ணெய் பெற்றவர்களின் பெயர்களுக்கு நடுவே யூதாவின் அரசன் யாவுகீனு என்று இவன் பெயர் இருக்கிறது. எர்ன்ஸ்ட் வைட்னர் 1939இல் அந்தக் களிமண் பலகைகளை வெளியிட்டார்.

அரசரை விட்டு அதிகாரிகளிடம் வந்தால் பெயர்கள் இன்னும் நெருக்கமாகப் பேசுகின்றன. யோசியாவின் ஆட்சியில், கி.மு. 622இல், ஆலயத்தில் நியாயப்பிரமாண நூல் கண்டெடுக்கப்பட்டபோது அதை அரசனுக்கு வாசித்தவர் எழுத்தர் சாப்பான். அவர் பெயர் பாறையிடுக்கில் வாழும் ஒரு சிறு விலங்கினுடையது. தமிழ் வேதாகமம் அதைக் குழிமுசல் என்கிறது. அவரோடு தூது போனவர்களில் ஒருவர் அக்போர், எலி. அவர்கள் போய்க் கேட்ட தீர்க்கதரிசினி உல்தாள். வளை தோண்டும் சிறு விலங்கொன்றின் பெயர் அது. இஸ்ரவேலின் சமயச் சீர்திருத்தத்தில் முன்னின்ற மூவருக்கு இப்படிப் பெயர்கள். அடுத்த தலைமுறை எரேமியா 36ஆம் அதிகாரத்தில் வருகிறது: சாப்பானின் மகன் கெமரியா, அக்போரின் மகன் எல்நாத்தான். எரேமியாவின் சுருளை யோயாக்கீம் துண்டு துண்டாக அறுத்துத் தீயில் போட்டபோது, வேண்டாம் என்று தடுத்தவர்கள் இவ்விருவரும் தெலாயாவும். சீர்திருத்தம் பெயர்களையும் மாற்றிவிட்டது என்று சொல்லத் தோன்றும். ஆனால் அக்போரின் தகப்பன் பெயர் மிகாயா என்பதால் அந்தக் கோடு அவ்வளவு நேராக இல்லை.

எருசலேமில் தாவீதின் நகர் எனப்படும் மேட்டில் 1982இல் யிகால் ஷிலோவின் குழு, கி.மு. 586இல் எரிந்துபோன ஒரு கட்டடத்தைத் தோண்டியது. தரையில் 51 களிமண் முத்திரைகள் கிடந்தன. பாப்பிரஸ் ஆவணத்தைச் சுருட்டி, நூலால் கட்டி, முடிச்சின் மேல் மெல்லிய களிமண் உருண்டையை அப்பி மோதிரத்தால் அழுத்துவது அக்கால வழக்கம். நகரை அழித்த தீ ஆவணங்களைச் சாம்பலாக்கியது; களிமண்ணையோ சுட்டு இறுக்கிவிட்டது. முத்திரைகளின் பின்புறத்தில் நூலின் தடமும் பாப்பிரஸ் நாரின் வரிகளும் இன்றும் தெரிகின்றன. அவற்றுள் ஒன்று, சாப்பானின் மகன் கெமர்யாஹூவினுடையது. காலமும் இடமும் பெயரும் தகப்பன் பெயரும் ஒருங்கே பொருந்துவதால், எரேமியா நூலில் வரும் கெமரியாவின் முத்திரையே இது என்று பெரும்பாலோர் ஏற்கிறார்கள். அதே மேட்டில் 2005இலும் 2008இலும் எய்லாத் மசாரின் அகழ்வில் வந்த வேறிரண்டு முத்திரைகள், எரேமியாவைக் கிணற்றுக் குழியில் போடத் தூண்டிய யூகாலுக்கும் கெதலியாவுக்கும் உரியவையாகக் கருதப்படுகின்றன. எரேமியாவின் எழுத்தர் பாருக்கின் பெயரோடு பழம்பொருள் சந்தைக்கு வந்த முத்திரைகளை இவற்றோடு சேர்க்கலாகாது. எங்கே தோண்டியது என்று தெரியாத அவற்றைப் போலி என்றே இன்று பலர் கருதுகிறார்கள்.

லாகீஸ் கோட்டை வாயிலில் 1935இல் கிடைத்த பானையோட்டுக் கடிதங்களில் முதலாவது, வெறும் பெயர்ப் பட்டியல். பாபிலோனியப் படை நெருங்கிய காலத்தில் எழுதப்பட்டது. ஐந்து ஆட்களும் அவர்களின் தகப்பன்மாருமாகப் பத்துப் பெயர்கள்: கெமர்யாஹூ, இச்சில்யாஹூ, யாசன்யாஹூ, தோப்சில்லேம், ஆகாப், மறுபடி யாசன்யாஹூ, மிப்தாக்யாஹூ, யிர்மெயாஹூ, மத்தன்யாஹூ, நேரியாஹூ. பத்தில் எட்டு யாவேயின் பெயரில் முடிகின்றன. இங்கே வரும் ஆகாப் பழைய அரசனின் பெயர் அல்ல. எழுத்து வேறு, பொருள் வெட்டுக்கிளி.

பாபிலோனில் இரண்டு பெயர்

சிறைப்பட்டுப் போனவர்களின் பெயர்கள் பாபிலோனில் வேறு வழியில் போயின. தானியேல் நூலில் நான்கு இளைஞர்களுக்கும் அரண்மனை அதிகாரி புதுப்பெயர் இடுகிறான். எபிரேயப் பெயர்கள் நான்கிலும் எல் அல்லது யா உண்டு; அசரியாவுக்குக் கிடைத்த ஆபேத்நேகோ என்பதில் நாபு என்ற பாபிலோனியத் தெய்வம் உருமாறி நிற்கிறது. தாவீதின் வம்சத்தில் வந்து, எருசலேம் ஆலயத்தை மறுபடி கட்டத் தலைமையேற்ற செருபாபேலின் பெயருக்கு ‘பாபிலோனின் வித்து’ என்று பொருள். மொர்தெகாய் என்ற பெயரில் மர்துக் தெய்வம் இருக்கிறது.

கீழ்த்தட்டு மக்களைப் பற்றி ‘அல்-யாகூது’, அதாவது யூதா ஊர், என்ற குடியிருப்பின் களிமண் பலகைகளால் அறியலாம். அவற்றில் பழையது கி.மு. 572ஐச் சேர்ந்தது. இவையும் சந்தை வழியாகவே வெளிவந்தவை. ஆயினும் இவற்றின் மெய்ம்மை குறித்து ஐயம் எழவில்லை. நிலம் உழுது வரி கட்டிய ஒரு குடும்பம் அங்கே தலைமுறை தலைமுறையாகத் தெரிகிறது: சமக்-யாமா, அவர் மகன் ரபா-யாமா, அவர் மகன் அகிகாம், அவர் பிள்ளைகள் நீர்-யாமா, ஹக்காய். யாஹூவைப் பாபிலோனிய எழுத்தர்கள் தங்கள் எழுத்தில் பிடித்த விதம்தான் இந்த ‘யாமா’. இன்னொருவர் ஓர் ஆவணத்தில் யாஹூ-ஷர்-உசுர், மற்றோர் ஆவணத்தில் பேல்-ஷர்-உசுர். ‘தெய்வமே, அரசனைக் காத்தருள்’ என்ற அதே பெயரில் தெய்வம் மட்டும் மாறியிருக்கிறது. எழுத்தர் பழக்கத்தில் செய்தாரா, அவரே இடத்துக்கேற்ப மாற்றிச் சொன்னாரா, இரண்டுக்கும் இடமுண்டு. பிழைப்புக்கும் பற்றுக்கும் நடுவே வாழ்ந்த மனிதர் என்பது மட்டும் நிச்சயம்.

சிறைப்பட்டவர்கள் நாடு திரும்பிய பின் யாஹூ என்ற முடிவு யா எனச் சுருங்கி நிலைத்தது. எகிப்தின் எலிபண்டைன் தீவில் யூதப் படைக்குடியினர் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எழுதிய ஆவணங்களிலும் யெதன்யா, அனன்யா என்றே வருகின்றன. தெய்வப்பெயரை வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் அருகியது. யோசுவாவின் நீண்ட எபிரேய வடிவம் யெசுவா ஆனது. பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது பெருகி, பெயர்களின் எண்ணிக்கை குறுகியது. ரோமர் காலத்தில் ஆண்களில் சீமோனும் யோசேப்பும் மிகுதி. பெண்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் மரியாள் அல்லது சலோமே. புதிய ஏற்பாட்டில் மகதலேனா மரியாள், யாக்கோபின் தாய் மரியாள், சீமோன் பேதுரு, செலோத்தே சீமோன் என்று அடைமொழி தேவைப்பட்டது இதனால்தான். யெசுவா என்ற பெயரும் அன்று பரவலானது; வரலாற்றாசிரியர் யோசேபஸ் அப்பெயருடைய பலரைக் குறிப்பிடுகிறார்.

தமிழ்நாட்டுக்கு வந்த வழிகள்

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் தொடங்கிய கிரேக்க மொழிபெயர்ப்பு, இப்பெயர்களுக்குப் புதிய ஒலி கொடுத்தது. கிரேக்கத்தில் ‘ஷ’ ஒலி இல்லாததால் ஷிமோன் சீமோன் ஆனார், ஷெலோமோ சாலொமோன் ஆனார். யெசுவா, ஆண்பால் விகுதி சேர்ந்து இயேசூஸ் ஆனார். தமிழில் வேதாகமத்தை மொழிபெயர்த்தவர்கள் பெண்பெயர்களுக்குத் தமிழ் விகுதியே சேர்த்தார்கள். அன்னா அன்னாள் ஆனாள், தெபோரா தெபோராள் ஆனாள்.

தமிழ்நாட்டில் ஒரே எபிரேயப் பெயர் பல உருவில் வழங்குகிறது. யாக்கோபு வேதாகமத்தின் வழி வந்தவர். போர்த்துக்கீசியரின் சந்தியாகோ, அதாவது புனித யாக்கோபு, கடற்கரைக் கத்தோலிக்கரிடம் சந்தியாகு ஆனது. ஆங்கிலத்தின் ஜேம்சும் அரபியின் யாகூபும் அதே பெயர்தான். யோசேப்பு, சூசை, ஜோசப், யூசுப் ஆகியவையும் அப்படியே. சில பெயர்களைக் கத்தோலிக்கத் தமிழ் ஒலிபெயர்க்காமல் பொருளையே எடுத்துக்கொண்டது. யாவே இரங்கினார் எனப் பொருள்படும் யோகனான் அருளப்பர் ஆனார். இலத்தீனில் சிறியவர் எனப் பொருள்படும் பவுல் சின்னப்பர் ஆனார். 1726இல் நிறைவுற்ற தேம்பாவணியின் 3,615 பாடல்களுக்கும் தலைவனான சூசையப்பரை வீரமாமுனிவர் வளன் என்று அழைத்தார். இன்னொரு மகனைக் கூட்டித் தருமாறு ராகேல் வேண்டி வைத்த பெயரின் பெருக்கப் பொருளே அந்தத் தமிழ்ப் பெயரில் இருக்கிறது.